அசதியையும் அளந்து பார்க்கலாம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோவில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து ஆண்டுகள் இதய நோயாளிகள் வார்டில் இருந்தேன். பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியுமுன்னே ஜனங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் சத்தத்தில்தான் நான் கண் விழித்து வளர்ந்தேன்.

என் பெரியப்பாவும் பால் வெட்டியவர்தான். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குலை அறுக்கப் போனார். 61 வயதில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், உயிர் பிழைத்தார், ஆனால் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. மருந்தெல்லாம் வேளை தவறாமல் சாப்பிட்டார். கால் வீக்கம் வற்றியது. இரண்டு தலையணை வைத்துத் தூங்கியவர் ஒன்றுக்கு வந்தார். அசதி மட்டும் போகவில்லை. வீட்டிலிருந்து மாரியம்மன் கோவில் அரை கிலோமீட்டர் கூட இருக்காது. அதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். பஸ் நிறுத்தத்துப் பலகையில் ஒரு தடவை, முடிவெட்டும் கடைப் படியில் ஒரு தடவை, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு தடவை. கோவிலுக்குப் போய்ச் சேருவதற்குள் தீபாராதனை முடிந்துவிடும்.

கிளினிக்கில் கேட்டோம். "வயசாச்சு, ஹார்ட்டும் வீக்கா இருக்கு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தாதியாக இருந்தும் நானும் அதை நம்பினேன். ஒரு வருஷம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் கூப்பிட்டவுடன் வந்தேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். 'இதயச் செயலிழப்பு' என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டில் பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இதயம் நின்றுபோனது என்று அர்த்தம் இல்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் அது தளர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

அப்படித் தளர்ந்த இதயம் உள்ளவர்களில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைவும் கூடவே இருக்கிறது. இரும்பு என்றதும் நாம் ரத்தத்தை மட்டும்தான் நினைக்கிறோம். உடம்பில் இருப்பதே மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு. அதில் பெரும்பகுதி ரத்தத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் தசைக்கும் இரும்பு வேண்டும். இதயமும் ஒரு தசைதானே! ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்புக்கான சக்தியை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கிறது, அதற்கு இரும்பு இல்லாமல் முடியாது. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு அதுவும் குறைந்தால் என்ன ஆகும்? காலும் கையும் கூடக் கனக்கும்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். ரத்த அளவு சரியாக இருக்கும்போதே இரும்பு குறைந்திருக்கலாம். ரத்த அளவைக் காட்டும் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்கிறோம். பெரியப்பாவுக்கு 13.1 இருந்தது. தாளில் சிவப்புக் குறி இல்லை, அதனால் யாரும் மேலே தேடவில்லை. வீட்டில் அரிசி டின் காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசிப் படி இருக்கும்வரை அடுப்பில் சோறு வேகத்தானே செய்யும்? டின்னைத் திறந்து பார்க்க வேறு சோதனை வேண்டும்.

அந்தச் சோதனைகள் இரண்டு. பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று ஃபெரிட்டின். கிடங்கில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அது காட்டும். இன்னொன்று டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷன். கிடங்கிலிருந்து இரும்பை ஏற்றிக்கொண்டு ஓடும் லாரிகளில் எத்தனை பங்கு சரக்கு இருக்கிறது என்று அது காட்டும். இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு. 100 முதல் 299 வரை இருந்து, லாரியில் சரக்கு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இரும்புக் குறைவுதான். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் லாரிக் கணக்கையே அதிகம் நம்ப வேண்டும் என்று சொல்லும் நிபுணர்கள் இப்போது பலர். பெரியப்பாவுக்கு ஈப்போவில் ஒரு இளம் டாக்டரம்மா எடுத்துப் பார்த்தபோது ஃபெரிட்டின் 31, சேச்சுரேஷன் 11 சதவீதம்.

சரி, இரும்பு குறைவு என்றால் மாத்திரை வாங்கிப் போட்டால் போச்சு என்று நினைப்போம். அதையும் செய்து பார்த்தவர்கள்தான் நாங்கள். டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு கடையில் கொடுத்த இரும்பு மாத்திரையை நாலு மாதம் சாப்பிட்டார். மலம் கறுத்தது, வயிறு கட்டியது, பசி போனது. அசதி அப்படியே இருந்தது.

ஏன் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. நம் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரக்கிறது. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா மாதிரி அது. உடம்பில் கிருமி புகுந்தால் அதற்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று கேட்டை இழுத்துப் பூட்டிவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் நாள்பட்ட இதய நோயிலும் உடம்புக்குள்ளே ஒரு மெல்லிய அழற்சி ஓயாமல் இருக்கிறது. ஜாகா அதையும் கலவரம் என்று எடுத்துக்கொண்டு கேட்டைத் திறப்பதே இல்லை. நீங்கள் விழுங்கிய இரும்பு குடலோடு போய்விடும். போதாததற்கு, நீர் கோர்த்த குடலும் சரியாக உறிஞ்சாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கூட இருந்தால் இன்னும் மோசம்.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவில் 225 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியானது. பாதிப் பேருக்கு 150 மில்லிகிராம் இரும்பு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 16 வாரம். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. உடற்பயிற்சி செய்யும் திறனில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

கேட்டைச் சுற்றிக்கொண்டு நேராக ரத்தக் குழாய்க்குள் இரும்பைச் செலுத்தும்போதுதான் மாற்றம் தெரிகிறது. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தை வைத்து 2009-ல் ஒரு பெரிய ஆய்வு, பிறகு இன்னும் பல. ஒன்றில் 24 வாரம் கழித்து ஆறு நிமிடம் நடக்க விட்டுப் பார்த்தார்கள். மருந்து ஏற்றாதவர்களைவிட 33 மீட்டர் வித்தியாசம். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். முடிவெட்டும் கடைப் படியில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பாவைப் பார்த்தவர்களுக்கு 33 மீட்டர் என்னவென்று தெரியும். 2023-ல் ஐரோப்பிய இதயவியல் சங்கம், இதயம் சுருங்கித் தள்ளும் திறன் குறைந்தவர்களுக்கு இரும்புக் குறைவும் இருந்தால், நோயின் தொல்லை குறையவும் அன்றாட வாழ்க்கை மேம்படவும் ஊசி வழியாக இரும்பு கொடுக்கலாம் என்று மிக உறுதியான பரிந்துரையாகவே சொல்லிவிட்டது.

ஆனால் கூட்டிச் சொல்லக் கூடாது. ஆயுள் நீளும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை. 2023-ல் வெளியான, 3000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில் எதிர்பார்த்த அளவு தெளிவான பலன் வரவில்லை. திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுப்பது குறையும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தள்ளும் திறன் நன்றாக இருந்தும் மூச்சிரைக்கிறவர்கள் ஒரு வகை உண்டு, அவர்களுக்கு இது உதவுமா என்பதற்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேனில் உங்கள் தள்ளும் திறன் எத்தனை சதவீதம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு ஏற்றிய நாளில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். உப்புத் தண்ணீரில் கலந்து தொங்கவிட்டிருந்த மருந்து கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. "என்னம்மா, கோப்பியையா ஏத்துறாங்க?" என்று கேட்டார். ரத்த அளவும் எடையும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு தடவைக்கு 1000 மில்லிகிராம் வரை, 15 நிமிடத்தில் ஏறிவிடும். ஒவ்வாமை அபூர்வம்தான், இருந்தாலும் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஊசி குத்திய இடம் எரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை பல மாதம் போகாது. சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைவதும் உண்டு.

ஆறு வாரம் கழித்து கோவிலுக்குப் போகும்போது மரத்தடியில் மட்டும்தான் உட்கார்ந்தார். தீபாராதனையைப் பார்த்தார்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. இரும்பு எங்கே போனது என்று கேட்டார். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து நாம் ஒரு நாளில் எடுத்துக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். வயிற்றுக்குள் தினமும் இரண்டு தேக்கரண்டி ரத்தம் கசிந்தால் ஐந்து மில்லிகிராம் போய்விடும். எந்தச் சாப்பாடும் அதை ஈடு கட்டாது. பெரியப்பாவுக்கு வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் இருந்தது. ஸ்டென்டுக்காகச் சாப்பிட்ட ஆஸ்பிரின் செய்த வேலை. அதற்காக நாளைக்கே ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து! டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்கள் வழி செய்வார்கள். குடலில் புற்றுநோய் இருந்தாலும் இப்படிக் கசியும். இரும்பு ஏற்றிக்கொண்டு காரணத்தைத் தேடாமல் விட்டால் அது பெரிய தவறு.

முருங்கைக் கீரையும் ஈரலும் போதாதா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். சாப்பிடுங்கள், நல்லதுதான். சாப்பாட்டோடு தே தாரிக் குடித்தால் கீரையிலிருக்கும் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் இதய நோயில் விழுந்த பள்ளத்தைக் கீரையால் மட்டும் நிரப்ப முடியாது. அப்புறம், சோதிக்காமல் யாரும் டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபுக்கூறு உள்ளவர்கள் இந்த நாட்டில் நிறைய. அவர்கள் ரத்தமும் பார்வைக்கு இரும்பு குறைந்த ரத்தம் மாதிரியே இருக்கும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படிந்துவிடும்.

அந்தக் காலத் தோட்டங்களில் கொக்கிப்புழு நம் ஜனங்களின் ரத்தத்தைக் குடித்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள், வெளுத்துப்போய், ஏணி ஏற முடியாமல் நின்றார்கள். சோம்பேறி என்று பேர் வாங்கினார்கள். என் பாட்டி அந்தப் பேரைக் கேட்டவர். அவர் அசதியை யாரும் அளந்து பார்க்கவில்லை. பெரியப்பாவிடம் "வயசாச்சு" என்று சொன்னபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கிளினிக் புத்தகமும் ரத்தப் பரிசோதனைத் தாளும் கொண்டு வந்தவர்கள் இப்படி முன்னால் வாருங்கள். ஃபெரிட்டின் என்ற வரி அதில் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். இல்லாதவர்களுக்கு அடுத்த தடவை டாக்டரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறேன். நடக்கும்போது எத்தனை தடவை உட்காருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதையும் அதிலேயே குறித்துக்கொள்வோம். சாப்பாடு கொஞ்ச நேரம் பொறுக்கும்.