நினைவு அறுந்தாலும் ஆள் அவரேதான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நேற்றைய ஆளையும் இன்றைய ஆளையும் ஒருவராக்குவது நினைவா, உடலா என்ற கேள்விக்கு, உடலே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தை எடுத்துக்காட்டி, இளவரசனின் நினைவுகள் ஒரு செருப்புத் தொழிலாளியின் உடலில் புகுந்தால் அவரே இளவரசன் என்றார். அது கற்பனை. நான் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, தீராத வலிப்புக்காக, 1953இல் தம் 27ஆம் வயதில் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாகச் சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்துவிடுவார். உளவியலாளர் பிரெண்டா மில்னர், இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்றை அவர் முன் வைத்தார். கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் பென்சில் கோட்டைத் தாண்டித் தாண்டி ஓடியது. மூன்றாம் நாள் பிழைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால் அதை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. நினைவுதான் ஆள் என்றால், முதல் நாள் தடுமாறியவர் ஒருவர், மூன்றாம் நாள் தேறியவர் வேறொருவர் என்றாகும். ஒருவர் பழக மற்றவருக்குக் கை தேறுமா?

இளமைக்கால நினைவுகள் அவரிடம் இருந்தனவே என்று எதிரணி கேட்கலாம். இருந்தன, ஆனால் சிக்கலே அங்கேதான். முதல் நாள் ஹென்றியும் மூன்றாம் நாள் ஹென்றியும் அதே சிறுவனை நினைவில் வைத்திருப்பதால், இருவரும் அந்தச் சிறுவனே. அப்படியானால் இருவரும் ஒருவரே ஆக வேண்டும். ஆனால் பின்னவருக்கு முன்னவரைப் பற்றி ஒன்றும் நினைவில்லாததால், ஒருவரல்லர் என்றும் அதே கொள்கை சொல்கிறது. இத்தகைய முரணைத்தான் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் 1785இலேயே லாக்குக்கு எதிராக எடுத்துக்காட்டினார்.

மூளையை மட்டும் வேறு உடலுக்கு மாற்றினால் என்னவாகும் என்பதில் எங்கள் அணிக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை; அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மூளை உடலின் உறுப்புதான்.

ஹென்றி 2008இல், 82ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு சான் டியாகோவில் அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக்கி, 1953இல் அகற்றப்பட்ட பகுதியின் தழும்பைத் தேடினார்கள். 56 ஆண்டுகளுக்கு முன்பு சிகிச்சை நடந்த இடத்திலேயே அது இருந்தது. அந்தத் தழும்பு யாருடையது என்று எதிரணியினர் சொல்லட்டும்.