அந்தச் 'சிலர்' யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையாரே, எல்லாருக்கும் வணக்கம்.

'நன்மை தீமையின் பலன் செய்தவரோடு நிற்கிறதா, மற்றவரையும் தொடுகிறதா?' என்பது தலைப்பு. மற்றவரையும் தொடுகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் வேதாகமத்திலிருந்து இரண்டு வசனங்களைக் காட்டினார். 'மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்' என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது ஒன்று. 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்' என்ற எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இன்னொன்று. இரண்டையும் நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் எசேக்கியேல் பேசுவது தீர்ப்பைப் பற்றி. அப்பன் செய்த குற்றத்தைப் பிள்ளையின் கணக்கில் எழுதாதே என்கிறார். சரி, குற்றம் பிள்ளையின் கணக்கில் ஏறாது. அடியும் பிள்ளைமேல் விழாதா?

இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இஸ்ரவேலின் ராஜா தாவீதின் படை ரப்பாவை முற்றுகையிட்டிருக்கிறது. இன்றைய ஜோர்தானின் தலைநகர் அம்மான் இருக்கும் இடம் அது. ராஜாவோ எருசலேமில், அரண்மனை மாடியில் உலாவுகிறான். பத்சேபாளைப் பார்க்கிறான், ஆள் அனுப்பி அழைப்பிக்கிறான். அவள் கர்ப்பமான பிறகு, மறைக்கப் பார்த்தும் முடியாமல், படைத்தலைவன் யோவாபுக்குக் கடிதம் எழுதுகிறான்: அவள் புருஷன் உரியாவை மும்முரமாகச் சண்டை நடக்கும் இடத்தில் நிறுத்து, அவனை விட்டுப் பின்வாங்கு. அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான்.

பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் உரியா செத்ததோடு இந்தக் காட்சியை முடித்துவிடுகிறோம். 17ஆம் வசனத்தை நின்று வாசியுங்கள். உரியா தனியாகச் சாகவில்லை. தாவீதின் சேவகரில் வேறு சிலரும் அன்றைக்கு விழுந்தார்கள். பெயர் இல்லை, எத்தனை பேர் என்றுகூட இல்லை. அவர்கள் பத்சேபாளைப் பார்த்தவர்கள் அல்ல, அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் அல்ல. ஒரு கொலை போர்ச்சாவு மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் நின்றவர்களும் செத்தார்கள். செய்தி வந்ததும் தாவீது, போர் என்றால் வாள் யாரையாவது பட்சிக்கத்தான் செய்யும் என்கிற தோரணையில் யோவாபுக்குத் தேறுதல் சொல்லி அனுப்புகிறான். நடுவர் அவர்களே, அந்தச் சிலர் எதை விதைத்தார்கள்?

தாவீது மனம் வருந்தினான், மன்னிப்பும் கிடைத்தது. 'நீ சாவதில்லை' என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார். ஆனால் பத்சேபாள் பெற்ற குழந்தை ஏழாம் நாளில் செத்தது. எத்தனை முறை வாசித்தாலும் அந்த இடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்புறம் மூத்த மகன் அம்னோன், அப்பன் செய்ததை இன்னும் கொடூரமாகச் செய்கிறான். அதில் சீரழிந்தவள் தாவீதின் மகள் தாமார். எந்தத் தப்பும் செய்யாத பெண்.

அப்படியானால் கஷ்டப்படுகிறவரைப் பார்த்து 'யார் செய்த பாவம்' என்று கேட்கலாமா என்று எதிரணி மடக்கும். கூடவே கூடாது. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் அதைத்தான் கேட்டார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. அந்தக் கேள்வியை விழுந்து கிடப்பவரிடம் கேட்காதீர்கள். மாடியில் நிற்கும்போது நம்மிடம் கேட்டுக்கொள்வோம்: இது யார் தலையில் போய் விழும்?

நன்மைக்கும் இதே கதைதான். பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு. மோவாபிலிருந்து வந்த ஒரு விதவை கதிர் பொறுக்குகிறாள். அரிகளில் கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார் வயல்காரர் போவாஸ். ரூத் அன்று தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு மரக்கால். அதில் மாமியார் நகோமியும் சாப்பிட்டாள். பின்னால் போவாசுக்கும் ரூத்துக்கும் ஓபேத் பிறந்தான், அவனுக்கு ஈசாய், ஈசாய்க்குத் தாவீது.

அந்த மாடியில் நின்றவன் போவாசின் கொள்ளுப்பேரன், நடுவர் அவர்களே. ஏழைப் பெண் ஒருத்திக்காகச் சிந்தவிட்ட கதிரில் தழைத்த வீட்டுப் பிள்ளை.

நன்றி, வணக்கம்.