லொறி நிறைய ஏத்தினால் லாபமா? 40,000 ரூபா எங்க போகுது எண்டு பாருங்கோ!

வணக்கம் உறவுகளே! லொறியை நிரப்பி எடுத்தால்தான் கட்டுப்படியாகும் எண்டு நினைக்கிற கடைக்கார அண்ணைமார், அக்காமார் இதைக் கட்டாயம் பாருங்கோ. நிரம்பின லொறியாலயே காசு போகிறதை இப்ப கணக்குப் போட்டுக் காட்டுறன்.

சுன்னாகத்தில ஒரு மொத்தக்கடை எண்டு வைப்பம். வருசத்துக்கு 600 மூடை சீனி விக்குது. கொழும்பு புறக்கோட்டையில இருந்து லொறி ஒருக்கா வர 80,000 ரூபா. 150 மூடை ஏத்தினாலும் 300 மூடை ஏத்தினாலும் வாடகை அதேதான். மற்றப் பக்கம், ஒரு மூடை வருசம் முழுக்க ஸ்ரோரில கிடந்தால் முடங்கின காசுக்கு வட்டி, இடத்துக்கு வாடகை, ஈரம் பட்டுக் கட்டியாகிறது, எறும்பு, எலி எண்டு 2,400 ரூபா போகுது.

300 மூடைப்படி எடுத்தால் வருசத்துக்கு ரெண்டு லொறி, 160,000. சரக்கு 300இல தொடங்கி வித்து வித்துப் பூச்சியத்துக்கு வரும். அப்ப சராசரியா 150 மூடை கிடக்கும், அதுக்கு 360,000. மொத்தம் 520,000.

200 மூடைப்படி எடுத்தால் மூண்டு லொறி, 240,000. சராசரியா 100 மூடை கிடக்கும், அந்தக் கிடப்புச் செலவும் 240,000. மொத்தம் 480,000. லொறியில இடம் வெறுமையாக் கிடக்கு, ஆனால் கையில 40,000 மிச்சம்!

ரெண்டு செலவும் சமனா வந்ததைக் கவனிச்சீங்களோ? அதுதான் ஆகக் குறைஞ்ச இடம். 1913இல ஃபோர்ட் ஹரிஸ் எண்ட அமெரிக்கர் எழுதின சூத்திரம் இது: வருச விற்பனையை லொறிச் செலவால பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு மூடையின்ர வருசக் கிடப்புச் செலவால பிரிச்சு, வர்க்கமூலம் எடுங்கோ; ஒருக்கா எத்தனை மூடை எடுக்கவேணும் எண்டு வரும்.

எனக்கு ஆகப் பிடிச்ச விசயம் இனித்தான் வருது. 150 மூடைப்படி எடுத்துப் பாருங்கோ: நாலு லொறி 320,000, கிடப்பு 180,000, மொத்தம் 500,000. 200ஐ விடக் கால்வாசி குறைச்சு எடுத்தும் செலவு 20,000தான் கூடுது! இந்தச் செலவைக் கோடா வரைஞ்சு பாத்தால், அதின்ர அடி எங்கட யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் மாதிரி; கனதூரம் நடந்தாலும் ஆழம் கூடாது. சரியான எண்ணுக்கு மண்டையை உடைக்கத் தேவையில்லை, கிட்டப் போனாலே காணும். ஆனால் பாதியாவோ இரட்டிப்பாவோ விலகினால் செலவு 25 வீதம் ஏறும். இன்னொண்டு, விற்பனை நாலு மடங்கானாலும் ஒருக்கா எடுக்கிறது ரெண்டு மடங்கானால் போதும். வர்க்கமூலம் செய்யிற வேலை அது!

நெடுந்தீவுக் கடைக்கு இது அப்பிடியே பொருந்தாது. கடல் கொந்தளிச்சால் குறிகட்டுவானில இருந்து படகு ஓடாது, அதால கையிருப்பு கொஞ்சம் கூடத்தான் வேணும். பழைய முதலாளிமார் சரக்கை அடுக்கி வைக்கிறதையும் நான் பிழை சொல்லமாட்டன். 2006 ஓகஸ்டில யுத்தத்தால யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டினதைக் கண்டவை அவை. சூத்திரத்துக்கு அந்தப் பயம் தெரியாது.

உங்கட கடையில ஒரு மூடை வருசம் முழுக்கக் கிடந்தால் எவ்வளவு போகும்? வட்டியை மறக்காமல் கூட்டிக் கொமென்ற்ல போடுங்கோ. அடுத்த வீடியோவில அந்தக் கணக்கையே செய்வம்.