செல்லுக்கு வடிவம் எதற்கு?

அவையோருக்கு வணக்கம். முதலில் மேசைமேல் இருக்கும் இந்த மூன்று கட்டிகளைப் பாருங்கள். 2 சதவீத அகார் (கடற்பாசிக் கூழ்) கரைசலில் பினாப்தலீனும் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும் கலந்து உறையவைத்தவை; பினாப்தலீன் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் நிறம் இழக்கும், அதனால்தான் இந்த இளஞ்சிவப்பு. பக்க அளவு 1, 2, 3 சென்டிமீட்டர். நீர்த்த அமிலத்தில் மூழ்கவைத்தால், அமிலம் போய்ச் சேர்ந்த ஆழம் வரை நிறம் மறையும். அரை சென்டிமீட்டர் இறங்கியதும் எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். சின்னது முழுக்க வெளுத்திருக்கும். இரண்டாவதன் நடுவில் எட்டில் ஒரு பங்கு சிவப்பாகவே நிற்கும். மூன்றாவதில் 27-க்கு 8 பங்கு, ஏறக்குறைய 30 சதவீதம், அமிலமே எட்டாமல் கிடக்கும்.

செய்து பார்ப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். கட்டி பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் அமிலம் நுழையாது, கணக்கு தப்பும். அடிக்கடி புரட்டிவிட வேண்டும். காரத்தையும் அள்ளிப் போடக் கூடாது. மிகக் கடுமையான காரத்தில் பினாப்தலீன் தானாகவே நிறம் இழந்துவிடும்.

மூன்றிலும் அமிலம் ஒரே வேகத்தில்தான் போனது. செல்லுக்கும் இதே நெருக்கடிதான். பக்கம் 1 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரத்தில் பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் 6. பக்கம் 10 மைக்ரோமீட்டர் ஆனால் 0.6. தூரம் இன்னும் பெரிய சிக்கல். அது இரு மடங்கானால் பரவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். தண்ணீரில் ஆக்சிஜன் 10 மைக்ரோமீட்டரை நொடியின் சிறு பகுதியில் கடக்கும். 1 மில்லிமீட்டருக்குச் சில நிமிடங்கள், 1 சென்டிமீட்டருக்குப் பல மணி நேரம். கோழி முட்டையின் மஞ்சள் கரு மட்டும் எப்படி அவ்வளவு பெரிய செல்லாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அதில் பெரும்பகுதி சேமித்த உணவு. உயிர்ப்புள்ள சைட்டோபிளாசம் மேலே ஒரு சிறு வட்டத்தில்தான் இருக்கிறது.

நரம்பு செல் வேறு வழியில் தப்பிக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் அதன் நீண்ட இழையான ஆக்சான் 1 மீட்டர் நீளம், ஆனால் சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். குறுக்கே பரவல் போதும். நெடுக அது உதவாது. கைனசின் என்னும் புரதம் சரக்கைச் சுமந்து நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. அந்த வேகத்திலும் பாதத்தை அடைய இரண்டரை முதல் ஐந்து நாள் ஆகும். பல நரம்பு நோய்களில் மரத்துப்போதல் பாதத்தில் தொடங்குவது நீளத்தோடு சேர்ந்த கதை.

என்னைக் கேட்டால், வடிவத்தின் வேலையைத் துல்லியமாகக் காட்டுவது சிவப்பணுதான். விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர், நடுவில் குழிந்த தட்டு. கன அளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர். அதே கன அளவை ஒரு கோளத்தில் அடக்க 97 சதுர மைக்ரோமீட்டர் சவ்வு போதும். ஆனால் சிவப்பணுவிடம் ஏறக்குறைய 135 இருக்கிறது. இந்த உபரிச் சவ்வுதான் அதன் சொத்து. தளர்வாக நிரம்பிய பையை எப்படியும் மடக்கலாம், புடைத்த பையை மடக்க முடியாது. தன்னைவிடக் குறுகிய தந்துகிகளிலும், மண்ணீரலின் 1, 2 மைக்ரோமீட்டர் இடுக்குகளிலும் சிவப்பணு வளைந்து நுழைவது இதனால்தான்.

சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்னும் புரத வலை இருக்கிறது. அதைச் சவ்வோடு பிணைப்பது ஆன்கைரின் என்னும் இன்னொரு புரதம். பரம்பரைக் கோளச்செல் நோயில் இந்தப் பிணைப்பு தளர்கிறது. சவ்வு துணுக்கு துணுக்காகக் கழன்றுபோகிறது, உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. தட்டு மெல்ல கோளமாகிறது. ஹீமோகுளோபினில் குறையே இல்லை. ஆனாலும் செல் மண்ணீரல் இடுக்கில் சிக்கி அழிகிறது, ரத்தசோகை வருகிறது.

கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசிய ரத்தப் படலத்தில், நுண்ணோக்கியில் இதைத் தேடும்போது ஓர் ஏமாற்று உண்டு. படலத்தின் மெல்லிய வால்நுனியில் நல்ல செல்களும், குழிந்த நடுப்பகுதி வெளிறித் தெரியாமல், கோளம்போலத் தெரியும். செல்கள் ஒன்றை ஒன்று லேசாகத் தொடும் பகுதியில் மட்டுமே பார்க்க வேண்டும்.

நோய் கடுமையானவர்களுக்கு மண்ணீரலை அகற்றுவதுண்டு. செல்கள் கோளமாகவே இருக்கும், ஆனால் நெடுநாள் வாழும், ஹீமோகுளோபின் ஏறும். பதிலுக்கு நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு எதிரான காவல் குறையும். அதனால் அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே தடுப்பூசி போடுவார்கள். குழந்தைகளுக்கு முடிந்தவரை 6 வயது கடக்கும்வரை தள்ளிவைப்பார்கள்.