எந்த வெட்கம்?

நேயர்களுக்கு வணக்கம். அம்பத்தூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மாதிரி நேர்காணல் வைத்தபோது, எதிரே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்த ஒரு பெண்ணிடம் 'உன்னைப் பற்றிச் சொல்லும்மா' என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, 'ஐ ஆம் அஷேம்ட் சார்' என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது. பாவம், 'வெட்கமா இருக்கு சார்' என்பதைத்தான் அப்படிச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்கும் வெட்கம், வாங்கிய கடனுக்கு ஒளிகிறவருக்கும் வெட்கம் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தே நாம் பிழைத்துக்கொள்கிறோம். ஆனால் அஷேம்ட் என்றால் செய்த காரியத்துக்காகத் தலைகுனிவது. அவள் என்ன தப்பு செய்தாள்? வள்ளுவரும் நாணுடைமையின் முதல் குறளிலேயே செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறார்.

அவளுக்கு வேண்டிய சொல் ஷை, நம்முடைய கூச்சம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எளிதில் மிரளுகிற என்று பொருள், இன்றைக்கும் குதிரை மிரண்டு ஒதுங்கினால் அதே சொல்தான். டிமிட் அப்படியில்லை, லத்தீனில் பயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பயந்த சுபாவம். அமைதியான பிள்ளைகள் தங்களை டிமிட் என்று பயோடேட்டாவில் எழுதும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, ரிசர்வ்ட் என்று எழுதினால் போதுமே! பாராட்டினால் முகம் சிவக்கிறவர் பாஷ்ஃபுல். மாட்டிக்கொண்டு அசடு வழிகிறவர் ஷீப்பிஷ், அதில் இருப்பது ஆடு. உள்ளுக்குள் ஆசையை வைத்துக்கொண்டு பிகு பண்ணினால் அது கோய்.

டிஃபிடன்ட் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் அது மற்றவர்களை நம்பாததைக் குறித்தது, அப்புறம் தன் திறமையையே நம்பாதவரைக் குறிக்கத் தொடங்கியது. என் வகுப்பில் பாதிப் பேர் இந்த ரகம். விடை தெரியும், நோட்டில் எழுதியும் வைத்திருப்பார்கள், ஆனால் கை மட்டும் உயராது. இதைக் கூச்சம் என்று தள்ளிவிடுகிறோம். கூச்சம் பழகினால் போய்விடும், இது அப்படிப் போகாது, 'நீ சொன்னது சரி' என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நாம் வாயில்லாப் பூச்சி என்கிறவரை ஆங்கிலேயர்கள் வாத்தைக்கூட அதட்டாதவர் என்பார்கள். பழஞ்சுவர்களில் முளைக்கும் வால்ஃப்ளவர் என்ற பூச்செடியின் பெயரை, நடன விருந்தில் துணை கிடைக்காமல் சுவரோரமாக உட்கார்ந்திருப்பவருக்கு வைத்தார்கள். நம் கல்யாண மண்டபத்திலும் கடைசி வரிசை நாற்காலியில் அப்படி ஒருவர் இருப்பார், பக்கத்தில் போய் 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள், மனசு விட்டுப் பேசுவார்.

அந்தப் பெண் அடுத்த வாரம் வந்து 'ஐ ஆம் எ லிட்டில் ஷை சார்' என்று ஆரம்பித்தாள். அப்புறம் அவள் அம்மாவின் இட்லிக் கடையைப் பற்றி, மாவு அரைப்பதிலிருந்து சாம்பார் தீர்ந்துபோவது வரைக்கும், நாலு நிமிஷம் ஆங்கிலத்திலேயே பேசினாள். பேனா மூடி மேஜை மேல் கிடந்தது.