இருபது மணி நேரம் வேலை, அப்புறம்தான் சோறு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஓர் அரசுக் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்தக் கணக்கில்தான் இன்று பேச அழைத்திருக்கிறார்கள். பேச்சு மாணவர்களின் பசியைப் பற்றி என்று சொன்னதும், "அமெரிக்காவிலா? காலேஜ் பிள்ளைகளா?" என்று நிகழ்ச்சியைத் தயாரிப்பவரே ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2020-ம் ஆண்டுத் தரவின்படி, கல்லூரி மாணவர்களில் 23 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 38 லட்சம் பேருக்கு, அடுத்த வேளைச் சாப்பாடு உறுதியில்லை. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காசில்லாமல் சாப்பாட்டைக் குறைத்தவர்கள் அல்லது ஒரு வேளையை அப்படியே விட்டவர்கள். அதுவும் ஏதோ ஒரு நாள் இல்லை, பல தடவை.

இந்தப் பசி கண்ணுக்குத் தெரியாது. பட்டினி என்றதும் நம் மனதில் வரும் ஒட்டிய வயிறு இங்கே இருக்காது. பையன் நல்ல ஜாக்கெட் போட்டிருப்பான், கையில் போன் இருக்கும், காதில் இயர்போன் இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கேன்டீன் பக்கம் போகும்போது அவன் மட்டும் நூலகம் பக்கம் திரும்புவான். கேட்டால், "லேட்டாத்தான் சாப்பிட்டேன், பசிக்கலை" என்பான். எந்தத் துறையில் எந்தக் கிழமை கூட்டம், எங்கே பீட்சா கொடுப்பார்கள் என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மனப்பாடம். அறிவிப்பு மின்னஞ்சலின் கடைசி வரியில் "உணவு வழங்கப்படும்" என்று இருந்தால் போதும், தலைப்பு எதுவானாலும் கூட்டம் நிரம்பும். பேச வருகிற பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்குத்தான் இத்தனை பேர் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும், பாவம்.

சரி, இந்த நிலைமை எப்படி வந்தது? பள்ளிக்கூடம் வரைக்கும் மதிய உணவு உண்டு. 1946-ல் சட்டம் போட்டு ஆரம்பித்த திட்டம்; வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசச் சாப்பாடு கிடைக்கிறது. ஜூன் மாதம் பள்ளி முடிகிறது, செப்டம்பரில் கல்லூரி. அதே பிள்ளை, அதே வீடு, அதே வருமானம். சாப்பாடு மட்டும் நின்றுபோகிறது.

அடுத்தது செலவு. ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு பெல் கிராண்ட் என்று பெயர். 1970-களின் நடுவில் அந்தத் தொகையின் உச்ச அளவு, நான்காண்டு அரசுக் கல்லூரியில் படிக்க ஆகும் மொத்தச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கியது. இன்று அது வருடத்துக்கு 7,395 டாலர். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. மொத்தச் செலவு என்றால் கல்லூரிக் கட்டணம் மட்டும் இல்லை. வாடகை, புத்தகம், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்ந்தது. வாடகைக்கு வீட்டுக்காரர் கேட்பார், போனுக்கு பில் வரும், காருக்கு இன்சூரன்ஸ் கட்டாவிட்டால் கடிதம் வரும். சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் பில் அனுப்புவதில்லை. அதனால் முதலில் குறைப்பது அங்கேதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வருமானம் குறைந்தவர்கள் மளிகை வாங்க அரசு மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் போடும் திட்டம் இருக்கிறது. முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்றார்கள், 2008-லிருந்து ஸ்னாப். 2025-ம் நிதியாண்டில் தனி ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 292 டாலர். பெரிய தொகை இல்லை, ஆனால் மாதக் கடைசி வாரத்தைத் தாண்ட வைக்கும். பாதி நேரப் படிப்போ அதற்கு மேலோ படிக்கிற 18 முதல் 49 வயது வரையிலான மாணவருக்கு, எவ்வளவு ஏழையானாலும், பொதுவிதிப்படி இது கிடையாது. 1980-லிருந்து இப்படித்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற நாலு வருடமும் அரசுச் செலவில் சாப்பிட்டுவிடுவார்கள் என்று அன்றைக்கு நாடாளுமன்றம் பயந்தது. அந்தப் பயத்தில் போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது.

விதிவிலக்குகள் உண்டு. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், உடல்நிலையால் வேலைக்குப் போக முடியாதவர், கல்லூரி வழியாகக் கிடைக்கும் 'ஒர்க் ஸ்டடி' என்ற பகுதிநேர வேலையில் இருப்பவர், இப்படிச் சிலர் தப்பிக்கலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் திறந்திருப்பது ஒரே வாசல்: வாரத்துக்கு 20 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு மாணவியின் வாரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். முழுநேரப் படிப்பு என்றால் 12 கிரெடிட், அதாவது வாரத்துக்கு 12 மணி நேர வகுப்பு. வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கல்லூரிகளே சொல்லும் கணக்கு. ஆக, படிப்புக்கே 36 மணி நேரம். இருபது மணி நேர வேலையைச் சேர்த்தால் 56. பஸ்ஸில் போய்வரும் நேரம் தனி. இவ்வளவுக்கும் அவள் வேலை செய்வது துணிக்கடையிலோ பர்கர் கடையிலோ. ஷிப்ட்டை முடிவு செய்வது மேனேஜர். இந்த வாரம் 23 மணி நேரம் கொடுப்பார், வியாபாரம் மந்தமானால் அடுத்த வாரம் 14. வாரத்தை மட்டும் பார்த்தால் அவள் தகுதி போச்சு. மாதச் சராசரியையோ செமஸ்டர் சராசரியையோ பார்க்க மாநிலங்களுக்கு விதியிலேயே அனுமதி இருக்கிறது. அப்படிப் பார்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். பரீட்சை வாரத்தில் படிக்க லீவு கேட்டால், மார்க் கூடும், சோறு குறையும். படிக்கிற நேரமும் உழைப்புதான் என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பது என் கருத்து.

கோவிட் காலத்தில் இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒர்க் ஸ்டடிக்குத் தகுதி இருந்தாலே போதும், வேலை கிடைத்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். குடும்பத்தால் ஒரு டாலர்கூடத் தர முடியாது என்று கணக்கிடப்பட்ட மாணவர்களுக்கும் வழிவிட்டார்கள். எந்த வானமும் இடிந்து விழவில்லை. 2023 நடுவில் அந்தச் சலுகை முடிந்தது, பழையபடி பூட்டிவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதிவிலக்குக்குள் வந்து, தகுதி இருக்கக்கூடிய, சாப்பாட்டுக்குத் திண்டாடும் மாணவர்களிலேயே 59 சதவீதம் பேர் இந்த உதவியைப் பெறவில்லை என்று அதே 2024 அறிக்கை சொல்கிறது. பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் "காலேஜ் பிள்ளைகளுக்குக் கிடையாது" என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். சொன்னவர் சில சமயம் விண்ணப்பம் வாங்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவராகவே இருப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்கிற கதைதான். ஆனால் அந்த ஊழியரைத் திட்டியும் பயனில்லை. விதி அவ்வளவு சிக்கல்.

கல்லூரிகள் என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஃபுட் பேண்ட்ரி வைக்கின்றன. நன்கொடையாக வந்த மளிகையை அடுக்கி வைத்து, மாணவர் அட்டையைக் காட்டினால் எடுத்துப் போகலாம் என்று விடும் அறை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1993-லேயே மாணவர்கள் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். நியூயார்க் மாநிலம் 2018-ல் தன் அரசுக் கல்லூரி வளாகங்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு வேண்டும் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் பல இடங்களில் அந்த அறை தரைக்குக் கீழுள்ள தளத்தில், நீளமான நடைபாதையின் கோடியில் இருக்கும். செவ்வாய், வியாழன் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை திறந்திருக்கும். அந்த நேரத்தில் நம் துணிக்கடைப் பெண் ஷிப்ட்டில் இருப்பாள்.

உள்ளே போனாலும் பாருங்கள், அலமாரி நிறைய காய்ந்த பீன்ஸும் டப்பா பீன்ஸும். வீடில்லாமல் காரில் தூங்கி எழுகிற பையன் காய்ந்த பீன்ஸை எங்கே ஊறவைப்பான்? டப்பாவைத் திறக்க ஓப்பனர் இருக்குமா? ஓரளவு அனுபவப்பட்ட பேண்ட்ரிகளில் வாசலிலேயே ஒரு கூடையில் ஓப்பனர் வைத்திருப்பார்கள். பக்கத்தில் மைக்ரோவேவ் இருக்கும், ஒரு ஆள் ஒரு வேளைக்கு எடுக்கிற அளவில் பொட்டலம் இருக்கும். பேண்ட்ரியின் பேர் அச்சடித்த பை கொடுக்க மாட்டார்கள். அவரவர் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். வெட்கத்தில் பாதி அந்தப் பையில்தான் இருக்கிறது.

பேண்ட்ரி இன்றைய பசிக்கு. வருடம் முழுக்க உள்ள பசிக்கு அரசுப் பணம்தான் தாங்கும். அதனால் கல்லூரியில் ஒரே ஒரு ஆளை வைக்க முடியும் என்றால், அலமாரி அடுக்குவதற்கு வைக்காதீர்கள், ஸ்னாப் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வையுங்கள் என்பேன். கலிபோர்னியாவில் 2021-ல் வந்த சட்டங்களின்படி, ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) சாப்பாடு, தங்குமிடம் போன்ற தேவைகளுக்கு ஒரு மையம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கவுண்டியும் கல்லூரிகளோடு பேசுவதற்கென்று ஓர் ஊழியரைக் குறிப்பிட வேண்டும். மாசசூசெட்ஸும் இல்லினாயும் இன்னும் ஒரு படி மேலே போய், வேலைவாய்ப்புக்கான தொழிற்படிப்பு படிக்கும் பலரை அந்த இருபது மணி நேர விதியிலிருந்தே விலக்கியிருக்கின்றன. மத்தியச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை போதும்.

நம் ஊரிலிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்னாப் கிடையாது, விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஆனால் கல்லூரி பேண்ட்ரி அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் மாணவர் அட்டை தவிர வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்து "சாப்பிட்டாச்சும்மா" என்று சொல்வதற்குப் பதில் அங்கே போய் வாருங்கள்.

இங்கேயே குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிதி உதவி அலுவலகத்தில் போய் உங்கள் உதவிக் கடிதத்தில் ஒர்க் ஸ்டடி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், இந்தப் பருவத்தில் அந்த வேலை உறுதியானதும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டியில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். சம்பளச் சீட்டுகளை எறியாமல் வைத்திருங்கள். விண்ணப்பம் கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கையில் பணமே இல்லாத நிலை என்றால் 7 நாட்களுக்குள். "மாணவர் என்பதால் தகுதி இல்லை" என்று மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மேல்விசாரணை கேட்க 90 நாட்கள் அவகாசம் உண்டு, வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. எப்படிக் கேட்பது என்பது அந்தக் கடிதத்திலேயே போட்டிருக்கும்.

நன்றி, வணக்கம்.