யூசர் மாறினாலும் பாட்டு நிற்காமல் ஓட

வணக்கம் நண்பர்களே. பின்னால் என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுவது கேட்கிறதா? இப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துகிறேன். யாரும் லாகின் செய்யாத கறுப்புத் திரை வந்தது, பாட்டு நின்றது.

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான். எனக்கும் தங்கைக்கும் தனித்தனி அக்கவுன்ட். பாட்டை ஓடவிட்டு நான் எழுந்து போவேன், அவள் ஸ்விட்ச் யூசர் கொடுத்ததும் நின்றுவிடும். டிரைவர் கோளாறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கோளாறே இல்லை. கட்டளை தட்டும் டெர்மினலைப் பாருங்கள். சவுண்ட் கார்டு ஃபைல் மீது, யாருக்கு அனுமதி என்று காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை ஓட்டுகிறேன். யூசர் என்ற வரியில் என் பெயர், பக்கத்தில் ஆர்டபிள்யூ, அதாவது படிக்கவும் எழுதவும் அனுமதி. தங்கையின் அக்கவுன்டுக்கு மாறி அதையே ஓட்டினால், அதே வரியில் அவள் பெயர்! மாற்றி எழுதுவது, லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி என்ற புரோகிராம். திரையில் யாருடைய செஷன், அதாவது லாகின், இருக்கிறதோ அவருக்குத்தான் கார்டு. சத்தத்தைக் கார்டுக்கு அனுப்பும் புரோகிராம் பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ, அனுமதி போனதைப் பார்த்ததும் தானாகவே கார்டை விட்டுவிடும். ஒரே யூசர் இரண்டு செஷன் திறந்து மாறிப் பாருங்கள், பாட்டு நிற்காது. பெயர் மாறவில்லையே.

இப்படி வைத்ததற்குக் காரணம் மைக். அதற்கும் இதே அனுமதிதான். தங்கை பேசிக்கொண்டிருக்கும்போது என் செஷன் பின்னாலிருந்து கேட்கக் கூடாது. நியாயமான ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பாட்டு நிற்கக் கூடாதென்றால்? கார்டுக்கு எப்போதும் அனுமதி உள்ள ஆடியோ என்ற குரூப்பில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். டெர்மினலில் சூடோ யூசர்மாட், மைனஸ் சின்ன ஏ பெரிய ஜி, ஆடியோ, அப்புறம் உங்கள் யூசர் பெயர். அந்தச் சின்ன ஏ-வைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விட்டால் சூடோ உட்பட மற்ற குரூப்புகளிலிருந்து உங்கள் பெயர் போய்விடும், அதைச் சரிசெய்யவே சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, இருக்காது. பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

இதைச் செய்தால் மைக்கும் எப்போதும் உங்களுக்குத் திறந்தே இருக்கும், வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியே எஸ்எஸ்ஹெச்சில் லாகின் செய்து வந்தால்கூட. அதனால் தங்கையிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் சரி என்ற பிறகுதான் செய்தேன். ஹாஸ்டல், லேப் மாதிரி பொது கம்ப்யூட்டரில் செய்யவே செய்யாதீர்கள்.

இன்னொன்று, என் பாட்டு கார்டைப் பிடித்திருக்கும்வரை பெரும்பாலும் அவள் வீடியோவில் சத்தம் வராது. பாட்டை நிறுத்தி 5 நொடி போனால் கார்டு விடுபடும். அதனால் அவள் வகுப்பு நேரத்தில் நான் பாட்டு போடுவதில்லை.

இப்போது மறுபடியும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. கறுப்புத் திரை... கேளுங்கள், ஓடுகிறது.